போன குளிர்காலத்துக் கல்

ஏப்ரல் கடைசி. வரிசை வீடுகளின் பின்பக்கச் சாக்கடையில் பனிக்கட்டி இன்னும் கரைந்து முடியவில்லை. ருய்ஃபென் அப்போதே அடுத்த குளிர்காலத்துக்கான வேலையைத் தொடங்கிவிட்டாள். சுரங்கக் குளியலறையின் கொதிகலன் சாம்பலை ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் கொட்டுவார்கள். தினமும் காலையில் மகள் பள்ளிக்குக் கிளம்பியதும் கூடையோடு அங்கே போய், சாம்பலைக் கிளறி, பாதி எரிந்த கரித்துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வருவாள். முகத்தில் கட்டிய துணியில் மூக்கு இருக்கும் இடம் மட்டும் கறுத்திருக்கும்.

தண்ணீர்க் குழாயடியில் லோ அக்கா அவளை வம்புக்கு இழுத்தாள்.

"போன குளிர் இன்னும் போகவே இல்ல, அதுக்குள்ள அடுத்ததுக்கா? ஏன்டி, இந்த வருஷம் ஜூலையிலயே பனி கொட்டும்னு ரேடியோல சொன்னானா?"

"எனக்கு மட்டும் சொன்னான்க்கா."

"சொல்லுவான், சொல்லுவான். எதுக்கும் உன் கோட்டை உள்ள வெக்காத."

குழாயடியில் இருந்த நாங்கள் சிரித்தோம். ருய்ஃபென் சிரிக்கவில்லை. வாளி நிரம்பியதும் தூக்கிக்கொண்டு போனாள்.

எங்கள் சுரங்க ஊரான ஹெய்ஷிகோவில் வருடத்தில் ஆறு மாதம் அடுப்பு அணையக் கூடாது. சுரங்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் இலையுதிர் காலத்தில் கரி கொடுக்கும். எங்கள் பகுதிக்குக் கரிக்கிடங்குப் பொறுப்பாளன் தெங் பாவ்ஷான். ருய்ஃபென் வீட்டுக்கு அடுத்த வீடு; நடுவில் ஒரே சுவர். போன வருடம் அவன் அனுப்பிய வண்டிகளில் மேலாக மட்டும் பளபளவென்று கரி இருந்தது. ஒரு சாண் தோண்டினால் கல். கரியோடு சேர்ந்து வெட்டி எடுக்கப்படும், கரியைப் போலவே கறுத்த, எரியாத கல். நல்ல கரி எல்லாம் நகரத்து உணவகங்களுக்குப் போனது. எங்களுக்கு அது தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பது தெங்குக்கும் தெரியும்.

எல்லா வீட்டுக்கும் கொஞ்சம் கல் வந்தது. ருய்ஃபென் வீட்டுக்குப் பாதிக்கு மேல் கல். மற்ற வீட்டு ஆண்கள் கிடங்கில் போய் நின்று, வண்டி ஏற்றும்போது கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டார்கள். அவள் கணவன் தெஷுனால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. பதினெட்டு வருடச் சுரங்கத் தூசி அவன் நெஞ்சில் இருந்தது.

அவளே கிடங்குக்குப் போய்ச் சொன்னாள். தெங் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே பதில் சொன்னான்.

"தங்கச்சி, கரி பூமிக்குள்ள இருந்து வருது. எங்க வீட்டு அடுக்களையில இருந்து வரல. கல்லு இருந்தா பொறுக்கிப் போடு. வீட்டுல உனக்கு வேற என்ன வேலை?"

பொறுக்கினாள். ஜனவரி நடுவில் கரி தீர்ந்துவிட்டது. வேலியை எரித்தாள், பிறகு அலமாரிக் கதவை, பிறகு தெஷுன் கல்யாணத்துக்கு முன்னால் தன் கையால் செய்த இரண்டு முக்காலிகளை. பிப்ரவரியில் ஒரு காலை அவன் எழுந்திருக்கவில்லை. தலைமாட்டுக் கோப்பையில் தண்ணீர் உறைந்திருந்தது.

நுரையீரல்தான் காரணம், எப்படியும் ஓரிரு வருடம்தான் இருந்திருப்பார் என்றார் டாக்டர். நாங்களும் அதையே சொல்லி ஆறுதல் படுத்தினோம். தெங் வந்து எல்லோரையும் விடச் சத்தமாக அழுதான். ருய்ஃபென் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆனால் பொறுக்கிய கல்லில் ஒன்றைக்கூட அவள் வெளியே எறியவில்லை. கொட்டகைச் சுவரோரம் இடுப்பளவுக்குக் குவித்து, மேலே வைக்கோல் பாய் போட்டு மூடி வைத்திருந்தாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் வரிசையில் யாரும் தெங்கை எதிர்த்து வாய் திறந்ததில்லை. அடுத்த வருடக் கரி அவன் கையில் இருந்தது. ருய்ஃபென் அதை எங்களைப் போலவே புரிந்துகொண்டிருந்தாள். ஆனால் எங்களைப் போல அதோடு நிற்கவில்லை. அவன் கையிலிருந்து ஒரு துண்டுகூட வாங்காமல் ஒரு குளிர்காலத்தைத் தாண்ட முடிந்தால், அவனை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். முடியாவிட்டால், பத்து வயது மகள் ஷியாவ்மான் அப்பா படுத்த இடத்தில் அப்பாவைப் போலவே குளிரில் கிடப்பாள். அந்தக் கோடை முழுவதும் அவள் செய்த ஒவ்வொரு சிக்கனத்துக்கும் பின்னால் இதுதான் இருந்தது.

கரித்தூளை யாரும் சீந்த மாட்டார்கள். ரயில் பாதை ஓரத்தில் கிடந்ததைக் கூட்டி வந்து, மஞ்சள் களிமண்ணோடு பிசைந்து, வரட்டியாகத் தட்டித் தெற்குச் சுவரில் காய வைத்தாள். ஆகஸ்டில் அவள் வீட்டுச் சுவர் முழுக்கக் கறுப்பு வட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஐந்து விரல். பண்ணைக்காரர்கள் விட்டுப்போன சோளத்தக்கை, சோயாத் தட்டை எல்லாம் கட்டுக்கட்டாகக் கொட்டகைக்கு வந்தன. பெரிய அறையைப் பூட்டி, கதவு இடுக்கில் கந்தல் திணித்தாள். இனி இருவரும் சின்ன அறையில், ஒரே அடுப்பு, ஒரே காங் படுக்கை. தெஷுனின் பஞ்சுக் கோட்டைப் பிரித்து, பழைய பஞ்சை அடித்து, மகளின் போர்வைக்குள் வைத்துத் தைத்தாள். ஜன்னல் இடுக்குகளுக்கு ஷியாவ்மானின் பழைய நோட்டுத் தாளைக் கீற்றாகக் கிழித்து, கோதுமைப் பசை தடவி ஒட்டினாள். வெளிப்பக்கம் பிளாஸ்டிக் தாள் அடிக்க ஆணி வாங்கவில்லை. முக்காலி எரித்த சாம்பலில் கிடைத்த ஆணிகள் இருந்தன. கல்லால் தட்டி நிமிர்த்திக்கொண்டாள்.

செப்டம்பர் நடுவில் தெங்கே அவள் வீட்டு வாசலுக்கு வந்தான்.

"தங்கச்சி, நம்ம பையன் லெய்க்குக் கல்யாணம். டிசம்பர்ல. பொண்ணு நகரத்துப் பக்கம். பின்கட்டு அறைய இடிச்சுக் கட்டிட்டேன். காங்தான் பாக்கி."

காங் என்பது செங்கல் படுக்கை. அடுப்புப் புகை அதன் வயிற்றுக்குள் வளைந்து வளைந்து ஓடிப் புகைபோக்கிக்குப் போகும். பார்க்க எளிது. ஆனால் வழி ஒரு விரல் தவறினாலும் புகை திரும்பி அறைக்குள் வரும். எங்கள் பகுதியில் தெஷுன் போட்ட காங் புகைந்ததே இல்லை. அவனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு, அவன் ஓரத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்லப் போட்டதெல்லாம் ருய்ஃபென்தான்.

"போட்டுத் தரேன் அண்ணே," என்றாள்.

"கூலி..."

"கல்யாண வீடு. கூலி எதுக்கு?"

தெங் விதை கொறிப்பதை நிறுத்தினான். "அப்ப இந்த வருஷக் கரி உனக்கு நானே பாத்து..."

"அதுவும் வேண்டாம். நாங்க ரெண்டு பேரு. சேத்து வெச்சது போதும். என் பங்கையும் கல்யாணத்துக்கு எரிச்சுக்கோங்க."

இதற்கு மேல் அவன் எதையும் யோசித்திருக்க மாட்டான். தெங்கின் மனைவிதான் பக்கத்தில் தன் வீட்டு முன்கட்டிலிருந்து குரல் கொடுத்தாள்: "உள்ள ரொப்புற மண்ண நாம சலிச்சுக் கொடுத்துடலாங்க. வழக்கம் அதுதானே."

அது வழக்கம்தான். செங்கல் சுவர்களுக்கு நடுவே காங்கின் வயிற்றை மண்ணால் நிரப்பி மட்டம் செய்ய வேண்டும். அந்த மண்ணை வீட்டுக்காரனே தோண்டி, உலர்த்தி, சலித்து, கொட்டும்போது கூடவே நிற்பான். பலகைக் கல் மூடி, மேலே சேறு பூசிவிட்டால், பத்து வருடத்துக்கு உள்ளே இருப்பதை யாரும் பார்க்க முடியாது. கொத்தனார் எவ்வளவு வேண்டியவனாக இருந்தாலும் இதை மட்டும் எங்கள் ஊரில் யாரும் அடுத்தவன் கையில் விட மாட்டார்கள்.

"என்கிட்டயே இருக்கு அண்ணி," என்றாள் ருய்ஃபென். "போன வருஷத்துல இருந்து சேத்து வெச்சிருக்கேன். நல்லாக் காஞ்சிருக்கு."

"பாத்தியா?" என்றான் தெங் மனைவியிடம். "தோண்டி இடுப்பு வலிக்க வேண்டாம்னு சந்தோஷப்படு."

செப்டம்பர் கடைசி வாரம் கிடங்கில் கரி வினியோகம் தொடங்கியது. தெங் விடியற்காலையில் போனால் இருட்டித்தான் வருவான். மகனுக்குச் சுரங்கத்தில் பகல் ஷிஃப்ட். மனைவி முன்கட்டில் கல்யாணப் போர்வை தைத்துக்கொண்டிருந்தாள். தூசி வரக் கூடாது என்று அவளே பின்கட்டுக் கதவைச் சாத்திவைத்தாள். ருய்ஃபென் தன் கொட்டகையிலிருந்து அடுத்த வாசலுக்குக் கூடை கூடையாகச் சுமந்தாள். ஒவ்வொரு கூடையிலும் மேலாக ஒரு விரல் தடிமனுக்குச் சலித்த மண். அடியில் என்ன என்பது, அவள் தோள் சாய்ந்த விதத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. மண்கூடை அப்படி அழுத்தாது.

முதல் நாள் மாலை லோ அக்கா குழாயடியில் அவள் பக்கத்தில் வந்து நின்றாள். வழக்கமான சத்தம் இல்லை.

"என்னடி, மண்ணு போதுமா?"

"இன்னும் பத்துக் கூடை வேணும்க்கா."

லோ அக்கா வாளியை நகர்த்தி வைத்தாள். "எங்க வீட்டுலயும் போன வருஷத்து மண்ணு கொஞ்சம் கெடக்கு. இடத்த அடைக்குது."

மறுநாள் காலை ருய்ஃபென் கதவைத் திறந்தபோது வாசலில் நான்கு சாக்குகள் இருந்தன. ஒன்று லோ அக்காவுடையது. மற்ற மூன்றும் யாருடையவை என்று நான் எழுதப் போவதில்லை. எங்கள் வீட்டுச் சாக்கில் நீலக் கோடு இருக்கும்.

வேலை சுத்தமாக இருந்தது. புகைவழிகளில் ஒரு பிசிறு இல்லை. சேற்றில் குதிரை மயிர் கலந்து இரண்டு முறை பூசினாள். ஈர வைக்கோலைக் கொளுத்தி, எங்காவது கசிகிறதா என்று முழங்காலிட்டு ஓரம் ஓரமாகப் பார்த்தாள். அறைக்குள் புகை வந்து யாராவது சாவது அவள் திட்டத்தில் இல்லை. அக்டோபர் முழுவதும் சோளத்தட்டை போட்டு இளஞ்சூட்டில் காங்கை உலர்த்தினார்கள். புகை ஒழுங்காகப் போயிற்று. தெங் மேலே ஏறிப் படுத்துப் பார்த்துவிட்டு, "தெஷுன் கை அப்படியே இருக்கு," என்றான். ருய்ஃபென் கை கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

டிசம்பரில் கல்யாணம். பன்றி வெட்டி, புளித்த கோஸ் போட்டு, மூன்று வேளை விருந்து. மணப்பெண் ஜிங்யா மெலிந்த பெண். எல்லோரையும் பெயர் கேட்டுக் கேட்டு வணங்கினாள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு. தெங் கிடங்கிலிருந்து பொறுக்கிக் கொண்டுவந்த முதல் தரக் கரியைப் பின்கட்டு அடுப்பில் திணித்தான். சோளத்தட்டையின் சூடு வேறு, அந்தக் கரியின் சூடு வேறு. இரண்டாம் நாள் காங்குக்குள் பட்பட்டென்று வெடிக்கத் தொடங்கியது. மூன்றாம் நாள் அழுகிய முட்டை நாற்றம்.

குழாயடி வாய் மூடவில்லை.

"புது மாப்பிள்ள முட்டை ஜாஸ்தி சாப்டுட்டானாம்."

"வெளிய பட்டாசு வெச்சது போதாதுன்னு உள்ளயும் வெக்கிறாங்க போல."

"நகரத்துப் பொண்ணு பாவம், இதெல்லாம் நம்ம ஊரு வழக்கம்னு நெனச்சுட்டிருக்கும்."

ருய்ஃபென் கேட்டுக்கொண்டாள். அவள் நினைத்தபடியே நடந்துகொண்டிருந்தது. தீப்பிடித்து எரியாத அந்தக் கல், கரியின் கடுஞ்சூட்டில் உள்ளுக்குள் கனன்று நாறும். நாளாக ஆக அதிகமாகும். ஜன்னலைத் திறந்தால் குளிர், மூடினால் நாற்றம். பிரித்துப் போடவும் முடியாது. தரை இரும்பாக உறைந்துவிட்டது, மண் தோண்ட வழியில்லை. சேறு பூசினால் காயும் முன் உறைந்து உதிர்ந்துவிடும். ஏப்ரல் வரை அந்த வீடு அதைச் சுமக்க வேண்டும். சம்பந்திகள் வருவார்கள், மூக்கைப் பிடிப்பார்கள். அதுவரை அவள் பொறுத்திருக்கத் தயாராக இருந்தாள்.

நான்காம் நாள் காலை லோ அக்கா சிரித்துக்கொண்டே வந்தாள்.

"கேட்டியா? புதுப் பொண்ணுக்கு விடியக்காலையில இருந்து வாந்தியாம். நாலே நாள்! தெங் மகன் அப்பன மாதிரி இல்ல, வேலைக்காரன்!"

எல்லோரும் சிரித்தார்கள். ருய்ஃபென் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

"தலைவலி இருக்குன்னாளா?"

"இருக்குமே. மசக்கைன்னா..."

"உதடு சிவந்திருக்கா அக்கா? உதடு?"

லோ அக்கா சிரிப்பை நிறுத்தினாள். "மாமியார்க்காரி சொன்னா, சாயம் பூசின மாதிரி இருக்குன்னு."

கல் வெடித்ததில் மேலே பூசிய சேறு விரிசல் விட்டு, கரியின் விஷவாயு அறைக்குள் கசிகிறது. ருய்ஃபெனுக்கு அது அந்தக் கணமே புரிந்தது. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் யாரும் அவளைக் கேட்கப் போவதில்லை. புதுக் காங்கில் இப்படி நடப்பது உண்டு. அடுப்பை மூடத் தெரியாத நகரத்துப் பெண் என்று பேச்சு முடிந்திருக்கும். அவள் ஓடினாள். வாளி தண்ணீர் குழாயடியிலேயே உறைந்துபோனது.

தெங் வீட்டில் அன்று காலைதான் பெண்ணின் அப்பா வந்து இறங்கியிருந்தார். ஃபூ என்று பெயர். முப்பது வருடம் வேறொரு சுரங்கத்தில் கரி வெட்டியவர். பேரன் வரப்போகிறான் என்று தெங் அவருக்குச் சாராயம் ஊற்றிக்கொண்டிருந்தான். ருய்ஃபென் யாரையும் கேட்காமல் பின்கட்டுக்குள் நுழைந்தாள். கதவில் தொங்கிய பஞ்சுத் திரையைப் பிடுங்கி எறிந்தாள். ஜிங்யாவின் கைக்கு அடியில் கையைக் கொடுத்து இழுத்து முற்றத்தில் பனிமேல் உட்கார வைத்தாள். திரும்பிப் போய் அடுப்பில் சாம்பலைக் கொட்டினாள். அடுப்புக் கம்பியை எடுத்து, தானே பூசிய சேற்றைக் குத்திப் பெயர்த்து, ஒரு பலகைக் கல்லைத் தூக்கினாள்.

"ஏய்! என்ன பண்ற? பைத்தியமா உனக்கு?" என்று தெங் ஓடி வந்தான். அவன் பின்னால் ஃபூ. வாசல் வரை நாங்கள்.

மேலே இருந்த மண் கரிந்திருந்தது. அதற்குக் கீழே கறுப்பாக, ஓரங்களில் சிவந்து, கல். ஃபூ குனிந்து ஒன்றைக் கையுறையால் எடுத்து உடைத்துப் பார்த்தார். அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இது மண்ணு இல்லையே, சம்பந்தி. இது கழிவுக் கல்லு. இத யாரு காங்குக்குள்ள போட்டது?"

"நான்தான்," என்றாள் ருய்ஃபென்.

"கொலைகாரி!" என்று தெங் கத்தினான். "கேட்டீங்களா? எல்லாரும் கேட்டுக்கோங்க! எங்க குடும்பத்தையே கொல்லப் பாத்தா!"

"கொல்றதா இருந்தா இன்னைக்கு வந்திருக்க மாட்டேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "கல்லு என்னுது இல்ல. உங்களுதுதான் அண்ணே. போன வருஷம் கரின்னு சொல்லி நீங்க அனுப்புனது. ஒண்ணு விடாம பொறுக்கி வெச்சேன், நீங்க சொன்ன மாதிரியே. வீட்டுல எனக்கு வேற என்ன வேலை?"

தெங் எங்கள் பக்கம் திரும்பினான். "நீங்க யாராவது பாத்தீங்களா இவ கொண்டு வந்தத? பாத்தும் சும்மா இருந்தீங்களா?"

லோ அக்கா மூக்கைச் சிந்தினாள். "மேல மண்ணுதானே இருந்துச்சு, தெங்கு. நீ அனுப்புற வண்டியில மேல கரி இருக்குற மாதிரி."

ஃபூ அந்தக் கல்லைக் கீழே போடவில்லை. கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். "எத்தன வீட்டுக்கு இப்படி அனுப்புன?" என்று மெதுவாகக் கேட்டார். தெங் கையிலிருந்த சாராயப் புட்டியைப் பார்த்தான்.

முற்றத்தில் ஜிங்யா மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்த ருய்ஃபென் அவள் முன் நின்றாள்.

"உன்கிட்ட எனக்குச் சண்டை இல்ல பொண்ணே. இந்தத் தலைவலி மட்டும் என் தப்பு."

அவள் கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான். தெங்கிடம் அதுவும் கேட்கவில்லை.

மகளைத் திரும்ப அழைத்துப் போவேன் என்றார் ஃபூ. இரண்டு நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு முன்கட்டை இளம் ஜோடிக்கு விட்டுக்கொடுப்பது என்று முடிவாயிற்று. தெங்கும் மனைவியும் பின்கட்டுக்குப் போனார்கள். அந்தக் காங்கின் அடுப்பை மறுபடி மூட்ட முடியாது. முன்கட்டில் எரியும் கரியின் சூடு பின்கட்டு வரை வராது. இரண்டு போர்வை, கோட்டு, தலையில் நாய்த்தோல் தொப்பி என்று படுத்தார்கள். பின்கட்டுச் சுவரும் ருய்ஃபென் வீட்டுச் சின்ன அறைச் சுவரும் ஒன்று. ஜனவரியில் தெங் இருமத் தொடங்கினான். மாலையில் ஷியாவ்மான் வீட்டுப்பாடம் எழுதும்போது அது நன்றாகக் கேட்கும்.

"தெங் மாமாவுக்கு ரொம்ப முடியலையாம்மா?"

"இல்ல. சாதாரண இருமல்தான். நீ எழுது."

ருய்ஃபென் வரட்டியை உடைத்து அடுப்பில் போட்டுவிட்டு, அடுத்த இருமலுக்காகக் காத்திருப்பாள்.

கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் கிடங்கிலிருந்து ஒரு வண்டி வந்து அவள் வாசலில் கரியைக் கொட்டிவிட்டுப் போனது. அவள் விட்டுக்கொடுத்த பங்கு. ஃபூவின் பையில் இருக்கும் கல் சுரங்க அலுவலகம் வரை போய்விடுமோ என்று தெங்குக்குப் பயம். வண்டிக்காரன், "வாங்கிக்கிட்டதா ஒரு வார்த்த சொல்லுங்க அக்கா," என்றான். ருய்ஃபென் கதவைச் சாத்தினாள்.

அவள் அதைத் தொடவில்லை. பனி பெய்து குவியல் வெள்ளையானது. காற்று அடித்து மறுபடி கறுத்தது. போகிறவர் வருகிறவர் எல்லோரும் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு துண்டுகூடக் காணாமல் போகவில்லை. வழக்கமாக எங்கள் வரிசையில் வெளியே கிடக்கும் கரி ஒரு மணி நேரம் தங்காது. தெங் தினமும் காலையும் மாலையும் அதைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது.

மார்ச் கடைசியில் வரட்டி தீர்ந்தது. அவள் நினைத்ததை விடப் பதினெட்டு நாள் முன்னதாக. சோளத்தக்கையை வைத்து நான்கு நாள் ஓட்டினாள். ஐந்தாம் நாள் காலை, பனிமழை அடித்துக்கொண்டிருந்தபோது, ஷியாவ்மானின் விரல்கள் நீலமாக இருப்பதைப் பார்த்தாள். கூடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். குவியலின் மேல்பக்கத்தை நம்பாமல், பக்கவாட்டில் கையை விட்டு அடியிலிருந்து எடுத்தாள்.

அடியிலும் கரிதான். ஒரு கல் இல்லை.

அடுப்பில் அது பட்டென்று பற்றியது. மஞ்சளாக, உயரமாக, வெடிக்காமல் எரிந்தது. கால் மணி நேரத்தில் காங் சூடேறி, ஜன்னல் பனி உருகிப் பசைத் தாளின் மேல் வழிந்தது. ஷியாவ்மான் உள்ளங்கைகளைக் காங்கில் விரித்து வைத்தாள்.

"அம்மா, எவ்வளவு நல்லா எரியுது பாரு!"

"ஆமா," என்றாள் ருய்ஃபென். "போன வருஷமும் இந்தக் கரி கிடங்குல இருந்துச்சு."

சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. முடியும் வரை கேட்டாள். பிறகு அடுப்புக் கதவைச் சாத்தி, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, காலிக் கூடையோடு சாம்பல் மேட்டுக்குக் கிளம்பினாள்.